நாய்க்குச் சலப்பையில் கல்: எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வைத்தியம் பார்ப்பது

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடுவன் நாய் காலைத் தூக்கித் தூக்கி நிற்கிறது, முக்குகிறது, ஆனால் சலம் வரவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக மட்டும் வருகிறது என்றால் மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள், இப்போதே மிருக வைத்தியர் ஒருவருக்குப் போன் எடுத்துக்கொண்டு வாகனம் பாருங்கள். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கடுவன் நாயின் குறிக்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, சலக்குழாய் அந்த எலும்பின் பள்ளத்துக்குள்ளால்தான் போகிறது, அந்த இடத்தில் குழாய் விரிய வழியில்லை, அதனால் சலப்பையிலிருந்து இறங்கி வரும் கல் பெரும்பாலும் அந்த எலும்புக்குச் சற்றுப் பின்னால் வந்து இறுகிவிடும். அதன்பிறகு சலப்பை ஊதும், சிறுநீரகம் வேலை செய்ய முடியாமல் திணறும், சலத்தோடு வெளியே போக வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும், அது கூடினால் இதயத் துடிப்பே குழம்பும். நாய் சாப்பிடாது, சத்தி எடுக்கும், தள்ளாடும், பிறகு எழும்பாமல் கிடக்கும். முழுதாக அடைபட்ட நாய் இரண்டு மூன்று நாளுக்குள் செத்துப்போகலாம், சலப்பை வெடித்தால் அதற்கும் முன்னரே.

அந்த நேரத்தில் வீட்டில் செய்யக் கூடாதவை இரண்டு. வயிற்றை அமுக்கிச் சலத்தை வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள், நிரம்பிய சலப்பை கிழிந்துவிடும். வற்புறுத்தித் தண்ணீரோ இளநீரோ பருக்காதீர்கள், வழி அடைபட்டிருக்கும்போது உள்ளே ஊற்றுவதெல்லாம் அழுத்தத்தைத்தான் கூட்டும். டொக்டர் என்ன செய்வார் என்றால், தேவைப்பட்டால் ஊசியால் சலத்தை எடுத்து அழுத்தத்தைக் குறைப்பார், சேலைன் ஏற்றுவார், மயக்கம் கொடுத்துக் கதீற்றர் என்ற மெல்லிய குழாய் போட்டுச் சேலைன் தண்ணீரைப் பாய்ச்சி, சிக்கிய கல்லைத் திரும்பச் சலப்பைக்குள் தள்ளிவிடுவார். கல்லை எடுப்பது அதற்குப் பிறகு ஆறுதலாகப் பார்க்கிற வேலை.

பெட்டை நாய்க்குச் சலக்குழாய் கட்டையானது, அகலமும் கூட, அதனால் முழுதாக அடைபடுவது குறைவு. ஆனால் அதனாலேயே பெட்டைக்குக் கல் மாதக்கணக்காக யாருக்கும் தெரியாமல் வளரும்.

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிற சிக்கல் என்னவென்றால் நாய் எப்படிச் சலம் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. விடியக் கதவைத் திறந்தால் வளவுக்குள் ஓடும், வேலிக்கரையில் போகும், திரும்பி வரும், அவ்வளவுதான். கல்லடி, ஆரையம்பதி, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்க மணல் தரை, சலத்தில் இரத்தம் கலந்து போனாலும் மணல் குடித்துவிடும், நிறம் தெரியாது. ஆகவே சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று நாளைக்கு நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நீங்களே கூடப் போங்கள், சீமெந்துத் தரையில் போக விடுங்கள், அல்லது போய் முடிந்ததும் ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். எத்தனை தரம் போகிறது, ஒவ்வொரு தரமும் எவ்வளவு வருகிறது, தாரை நேராகப் பாய்கிறதா அல்லது நடுவில் நின்று நின்று வருகிறதா, போன பிறகும் அதே நிலையில் குந்திக்கொண்டே இருக்கிறதா, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா, இதுவரை வீட்டுக்குள் அசுத்தம் பண்ணாத நாய் திண்ணையில் சிந்துகிறதா, வாடை வழமைக்கு மாறாக அடிக்கிறதா என்று பாருங்கள். போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். வாயால் எவ்வளவு விளக்கினாலும் அரை நிமிட வீடியோ சொல்லும் அளவுக்கு வராது, மலச்சிக்கலில் முக்குவதையும் சலத்துக்கு முக்குவதையும் வீட்டுக்காரர் அடிக்கடி மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

இரத்தம் போனால் எல்லாம் கல் இல்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இலங்கையில் நாய்க்குச் சிவப்பாகச் சலம் போக வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன. முதலாவது உண்ணிக் காய்ச்சல். பபீசியா என்ற ஒட்டுண்ணி செங்குருதிக் கலங்களை உடைப்பதால் சலம் கடும் தேயிலைச் சாயம் மாதிரியோ கோப்பி மாதிரியோ போகும். ஆனால் நாய் முக்காது, அடிக்கடி குந்தாது, காய்ச்சலும் சோர்வும் இருக்கும், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் முரசு வெளிறிக் கிடக்கும். உடம்பில் உண்ணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இரண்டாவது எலிக்காய்ச்சல். வயல் ஓரத்தில், வாய்க்கால் தண்ணீரில் திரிகிற நாய்க்கு இது வரலாம், கண்ணும் முரசும் மஞ்சளாகலாம், அதன் சலத்தால் மனிதருக்கும் தொற்றும், ஆகவே சலத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மூன்றாவது, தெருவில் திரிந்து இணை சேருகிற நாய்களுக்கு வருகிற பால்வினைக் கட்டி. சலம் போகாத நேரத்திலும் குறியிலிருந்து இரத்தம் சொட்டும், கல் என்று நினைத்துக் கொண்டுபோனால் டொக்டர் தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்ததும் பூக்கோவா போல ஒரு கட்டி தெரியும், அது வின்கிறிஸ்டின் ஊசிக்கு நன்றாக மாறக்கூடியது. பெட்டைக்குச் சூட்டுக் காலத்து இரத்தம், நலம் அடிக்காத (விதை எடுக்காத) வயதான கடுவனுக்குப் புரஸ்டேட் வீக்கம், கல்லே இல்லாத வெறும் சலத் தொற்று, இவையும் உண்டு.

டொக்டரிடம் போகும் முன்னும் போன பிறகும்

ஒவ்வொரு பிரதேசத்திலும் அரச மிருக வைத்திய அதிகாரி இருக்கிறார். அவருக்கு மாடு, ஆடு, கோழி வேலைதான் அதிகம், களத்துக்கும் போய்விடுவார், அதனால் போன் எடுத்துவிட்டுப் போங்கள். அவர் முதல் பார்த்து, கையால் வயிற்றைத் தடவி, பெரிய கல் என்றால் அந்த இடத்திலேயே சந்தேகிக்கலாம், ஆனால் கையில் படாவிட்டால் கல் இல்லை என்று அர்த்தமில்லை. எக்ஸ்றே அல்லது ஸ்கேன் வேண்டும். மட்டக்களப்பு நகரம், கல்முனை, அம்பாறை என்று எங்கே அந்த வசதி இருக்கிறது, இரவில் யார் போன் எடுப்பார், யார் சத்திரசிகிச்சை செய்வார் என்பதை நாய் சுகமாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள். பெரிய விஷயம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது, மகியங்கனைப் பாதையால் கண்டிக்குப் போக வேண்டும், அரை நாள் பயணம். சலம் அடைபட்ட நாயை அப்படியே ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போகக் கூடாது, பக்கத்தில் யாரிடமாவது சலத்தை எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சலம் கொண்டுபோவதென்றால் விடியற்காலை முதல் சலம் நல்லது. பெட்டை நாய்க்கு நீளமான அகப்பை ஒன்றைக் குந்தியிருக்கும்போது பின்னால் நீட்டலாம், முதல் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துச் சுத்தமான போத்தலில் ஊற்றி ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நேரமாகிவிட்டால், அல்லது குளிர்ப்பெட்டியில் வைத்தால், உடம்புக்குள் இல்லாத பளிங்குகள் (சின்னப் படிகங்கள்) போத்தலுக்குள்ளேயே உருவாகும், அதைப் பார்த்துவிட்டு வீணாகப் பயப்பட வேண்டிவரும். பளிங்கு வேறு, கல் வேறு என்பதையும் மனதில் வையுங்கள். சுகமான நாயின் சலத்திலும் பளிங்கு இருக்கலாம், கல் உள்ள நாயின் சலத்தில் ஒரு பளிங்கும் இல்லாமலும் இருக்கலாம். அறிக்கையில் நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று: பி.எச். அளவு (சலம் அமிலமா காரமா என்று காட்டும் எண்), சலத்தின் அடர்த்தி, தொற்று இருக்கிறதா என்பது. தொற்று என்றால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டும், அதற்குத் தரையிலிருந்து பிடித்த சலம் சரிவராது, டொக்டர் ஊசியால் சலப்பையிலிருந்தே எடுப்பார், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நாய்க்குப் பெரிய நோவு இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பாமசியில் அமொக்சிசிலின் வாங்கி இரண்டு நாள் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். இரத்தம் குறையும், நாய் உற்சாகமாகும், கல் அப்படியே இருக்கும், வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகும். மனிதருக்கான நோ மாத்திரையும் வேண்டாம், ஐபுபுரொஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அதுவும் சலம் தடைப்பட்டிருக்கும் நேரத்தில் இரட்டிப்பாக.

எக்ஸ்றேக்குப் போகும் நாளுக்கு முந்தின நாள் எலும்பு, மீன் தலை ஒன்றும் போடாதீர்கள். குடலில் கிடக்கும் எலும்புத் துண்டும் கல் மாதிரியே வெள்ளையாகத் தெரியும். படம் எடுக்கும்போது சலப்பை மட்டுமல்ல, சிறுநீரகத்திலிருந்து வால் அடி வரை, கடுவன் என்றால் சலக்குழாய் முழுக்க வர வேண்டும், பின்கால்களை முன்னுக்கு இழுத்து ஒரு படம் எடுத்தால்தான் எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கல் தெரியும். கேட்பதில் வெட்கமில்லை, கேளுங்கள்.

எந்தக் கல்?

கல் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது வெட்ட வேண்டுமா என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது எந்தக் கல் என்பது, மருந்தும் சாப்பாடும் செலவும் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு கல்லுக்குக் கொடுக்கும் சாப்பாடு இன்னொரு கல்லை வளர்க்கும்.

ஸ்ட்ருவைட் கல் பெரும்பாலும் பெட்டைகளுக்கு, சலத் தொற்றால் வருவது. சில கிருமிகள் சலத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கும், சலம் காரமாகும், பி.எச். 7க்கு மேலே போகும், மக்னீசியமும் பொஸ்பேட்டும் சேர்ந்து படியும். இது எக்ஸ்றேயில் தெளிவாகத் தெரியும், வளர்ந்து பெரிதாகும், வெட்டாமல் கரைக்கலாம். கல்சியம் ஒக்சலேட் இதற்கு நேர்மாறு, ஷிட்ஸு, லாசா அப்சோ, யோர்க்ஷயர், ஷ்னவுசர் மாதிரிச் சின்ன இனங்களில், அதிலும் நடுவயதுக் கடுவன்களில் கூடுதலாகக் காணலாம், சலம் பெரும்பாலும் அமிலப் பக்கம் இருக்கும், படத்தில் நன்றாகத் தெரியும், எந்தச் சாப்பாட்டாலும் மருந்தாலும் கரையாது. யூரேட் கல் டால்மேஷன்களின் பிறவிக் குறைபாட்டால் வரும், வேறு இனத்துக் குட்டிக்கு வந்தால் ஈரலில் இரத்தக்குழாய் மாறி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், சாதாரண எக்ஸ்றேயில் இது பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன்தான் காட்டும். சிஸ்டின் கல் பெரும்பாலும் நலம் அடிக்காத கடுவன்களுக்கு. சிலிக்கா கல் அரிது, கடுவன் அல்சேஷன்களில் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது, மண் தின்னும் நாய்க்கும் தானிய உமி கலந்த மலிவான தீன் தின்னும் நாய்க்கும் வரலாம், ஆகவே சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உமி கலந்த தவிட்டை நாய்ச் சோற்றில் சேர்ப்பதை விட்டுவிடுவது நல்லது.

உள்ளே இருக்கும் கல் எது என்பதை வயது, இனம், கடுவனா பெட்டையா, பி.எச்., தொற்று, படத்தில் தெரியும் விதம் இதையெல்லாம் சேர்த்து டொக்டர் ஊகிப்பார். உறுதியாகச் சொல்லக் கல்லையே ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். அதனால் சலத்தோடு ஒரு சின்னக் கல் விழுந்தாலும் எடுத்துக் கழுவிக் காயவைத்துச் சின்னப் போத்தலில் போட்டு வையுங்கள். சத்திரசிகிச்சையில் எடுத்ததையும் வெறும் போத்தலில் கேட்டு வாங்குங்கள், ஃபோமலினில் போட விடாதீர்கள், அது கல்லின் சேர்மானத்தை மாற்றிவிடலாம்.

கரைப்பதா, வெட்டுவதா

ஸ்ட்ருவைட் என்று சந்தேகம், நாய் அடைபடவில்லை என்றால் கரைத்துப் பார்ப்பதுதான் முதல் வழி. 2016இல் அமெரிக்க மிருக உள்மருத்துவக் கல்லூரி வெளியிட்ட பரிந்துரையும் அதையே சொல்கிறது. இதற்கென்று செய்த வைத்தியச் சாப்பாடு இருக்கிறது, ஹில்ஸ், ரோயல் கேனின் போன்றவர்கள் செய்கிறார்கள், விலை கூட, மட்டக்களப்பில் கையிருப்பு இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டிவரலாம், அதனால் தொடங்கும் முன்பே முழுக் காலத்துக்கும் கணக்குப் பாருங்கள். தொற்றோடு வந்த கல் கரைய இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். கல்லின் ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் கிருமி இருக்கிறது, கரையக் கரைய அது வெளியே வரும், ஆகவே கரையும் காலம் முழுக்க அன்டிபயோட்டிக் தேவைப்படும், நடுவில் நிறுத்தினால் பட்ட பாடு வீண்.

கரைக்கும் வைத்தியம் தோற்பது பெரும்பாலும் நாயால் அல்ல, வீட்டால். பிள்ளை பாண் துண்டு போடும், அம்மம்மா மீன் முள்ளைப் போடுவா, பக்கத்து வீட்டில் பிரியாணி மிச்சம் கிடைக்கும். அந்தச் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது, படலையைப் பூட்டி வையுங்கள், அயலுக்கும் சொல்லி வையுங்கள். மாதம் ஒரு தரம் எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் கல் சின்னதாகவே இல்லை என்றால் பெரும்பாலும் ஒன்றில் அது ஸ்ட்ருவைட் இல்லை, இல்லாவிட்டால் நாய் எங்கேயோ வேறு எதையோ தின்கிறது. குட்டி, சினைப் பெட்டை, இதய நோய் உள்ள நாய், கணைய அழற்சி வந்த நாய், இவற்றுக்கு இந்தச் சாப்பாடு ஒத்துவராது. கடுவன் என்றால் கல் சிறுக்கும்போது இறங்கி அடைபடலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

யூரேட்டுக்கும் சிஸ்டினுக்கும் சாப்பாடும் மருந்தும் சேர்த்துக் கரைக்க முயலலாம், டொக்டரின் கட்டுப்பாட்டில்தான். ஒக்சலேட், சிலிக்கா, அடிக்கடி அடைக்கும் கல், சலப்பையை நிறைத்துவிட்ட பெரிய கல் இதற்கெல்லாம் சத்திரசிகிச்சை. மிகச் சின்னக் கற்கள் என்றால் மயக்கம் கொடுத்து, சலப்பையைச் சேலைனால் நிரப்பி, நாயை நிமிர்த்திப் பிடித்து, அமுக்கிப் பாய்ச்சி வெளியேற்றும் முறையும் உண்டு, அது டொக்டர் செய்வது, வீட்டில் அல்ல.

சத்திரசிகிச்சைக்குப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், வயிற்றைத் திறந்து சலப்பையைக் கீறிக் கல் எடுத்துத் தைப்பது நாய் வைத்தியத்தில் வழமையான வேலை, சலப்பை சீக்கிரம் ஆறும் உறுப்பு. முதலில் இரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம் எப்படி என்று பார்ப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: முடிந்ததும், வீட்டுக்கு விடும் முன், ஒரு எக்ஸ்றே எடுத்து எல்லாக் கல்லும் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு உள்ளே தங்கிப்போவது உண்டு, பிறகு திரும்பக் கல் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். சிஸ்டின் என்று சந்தேகம் உள்ள கடுவனுக்கு அந்த மயக்கத்திலேயே நலம் அடித்துவிட்டால் பலருக்குத் திரும்ப வருவது குறைகிறது. வீட்டுக்கு வந்த பிறகு சில நாளுக்கு அடிக்கடி சலம் போகும், இளஞ்சிவப்பாகவும் இருக்கும், அது பரவாயில்லை, ஆனால் முக்கியும் சலம் வராவிட்டால், சத்தி எடுத்தால், வயிறு ஊதினால் உடனே போன் எடுங்கள். தையல் வெட்ட 10 முதல் 14 நாள். அதுவரை கழுத்துக் கூம்பு கழற்றக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, ஈர மணலில் படுக்க விடக் கூடாது, ஓட விடக் கூடாது. ஆனால் சலத்தை அடக்க வைக்காதீர்கள், சங்கிலியில் அடிக்கடி வெளியே கூட்டிப்போங்கள்.

வாழைத்தண்டு, நெருஞ்சில், இளநீர்

மனிதருக்குக் கல்லடைப்பு என்றால் எங்கள் ஊரில் யாரும் முதலில் சொல்வது இவற்றைத்தான், அந்த அன்பில் நாய்க்கும் கொடுக்கிறார்கள். நாயின் சலப்பையில் உள்ள கல்லை இவை கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வெறும் வாழைத்தண்டுச் சாறு கொஞ்சம் உள்ளே போனால் பெரிய கேடு வராது, ஆனால் அதை நம்பி ஒரு மாதம் போனால் கல் ஒரு மாதம் வளரும். இளநீர் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். இளநீரிலும் செவ்விளநீரிலும் பொட்டாசியம் அதிகம், அடைபட்ட நாயின் இரத்தத்தில் ஏற்கெனவே பொட்டாசியம் கூடிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் இளநீர் கொடுப்பது மருந்து அல்ல, ஆபத்து. வைட்டமின் சி மாத்திரையும் வேண்டாம், அது உடம்பில் ஒக்சலேட்டாக மாறும்.

திரும்ப வராமல்

எந்தக் கல்லாக இருந்தாலும் பொதுவான மருந்து தண்ணீர்தான். சலம் நீர்த்துப்போனால் கல் கட்டுவது கஷ்டம், அடர்த்தி 1.020க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது டொக்டர்கள் பார்க்கும் கணக்கு. வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது நாய் மூச்சிரைத்தே தண்ணீரை இழக்கிறது, வாளித் தண்ணீர் வெயிலில் கொதிக்கிறது, அதை யார் குடிப்பார். நிழலில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், காலை மாலை மாற்றுங்கள், மண் சட்டியில் வைத்தால் குளிர்ந்திருக்கும். கரையோரக் கிணறு சில இடத்தில் கோடையில் உவர்ப்பாகும், நாய் அதை வேண்டாம் என்று விட்டால் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கொடுங்கள். அதைவிட நிச்சயமான வழி சாப்பாட்டில் தண்ணீர் விடுவது: சோற்றை உதிரியாகப் போடாமல், உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்த கோழி அல்லது மீன் தண்ணீர் விட்டுக் கஞ்சிப் பதமாகக் குழைத்துக் கொடுங்கள், காய்ந்த தீன் கொடுப்பவர்களும் அதைத் தண்ணீரில் ஊறவைத்தே கொடுங்கள். மார்கழி மழையில் நாய் வெளியே போக மறுத்துச் சலத்தை அடக்கிக்கொண்டு கிடக்கும், தகரத்துக்குக் கீழே நனையாத ஒரு மூலையைப் பழக்கிவிடுங்கள்.

மற்றதெல்லாம் கல்லைப் பொறுத்தது. ஸ்ட்ருவைட் வந்த பெட்டைக்குச் சலத் தொற்றைக் காலத்துக்குக் காலம் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒக்சலேட் வந்த நாய்க்குப் பசளி, முளைக்கீரை, பீற்றூட், வத்தாளங்கிழங்கு, கச்சான் கொட்டை வேண்டாம், கருவாடு போன்ற உப்புச் சாமானும் வேண்டாம். யூரேட் வந்த நாய்க்கு ஈரல், சாளை, நெத்தலி இவைதான் எதிரி, புரதத்துக்கு முட்டையும் தயிரும் கொடுக்கலாம், தயிருக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம். ஆனால் முழுச் சாப்பாட்டையும் நீங்களே கணக்குப் போட்டு மாற்றாதீர்கள், டொக்டரோடு சேர்ந்து போடுங்கள், சத்துக் குறைந்தால் வேறு நோய் வரும்.

ஒக்சலேட் இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்ப வருவது சகஜம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எக்ஸ்றே அல்லது ஸ்கேன் எடுத்துவிடுங்கள், சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் வெட்டாமல் பாய்ச்சி எடுக்கலாம். ஒவ்வொரு படத்தையும், சல அறிக்கையையும், கல் ஆய்வு முடிவையும் போனில் படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். அடுத்த முறை பார்ப்பவர் வேறு டொக்டராக இருக்கலாம், கல்முனையில் பார்த்ததைப் பேராதனையில் காட்ட வேண்டியும் வரலாம்.